விடு என்றால் என்ன?

பூட்டுக்கு அந்தப் பெயரை யார் வைத்தது என்று கால்பந்து கிளப்பில் யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்கிற ஸ்டாப்பர் அவன். அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக வேண்டுமானால் முதலில் அவன் காலைத் தாண்ட வேண்டும், பிறகு மார்பை, அதற்கும் பிறகு மூஞ்சியை. மூக்கு ஒருமுறை உடைந்து இடது பக்கம் சாய்ந்தது. இன்னொருமுறை உடைந்து நேராகிவிட்டது. "டாக்டருக்கு வேலை வைக்காம உதைச்சவனே சரி பண்ணிட்டான்" என்று சிரித்துக்கொண்டே மைதானத்தை விட்டு வெளியே வந்தான். முன்பல் ஒன்று சொந்தப் பல் இல்லை. இதையெல்லாம் பெரிய தியாகம் என்று யாராவது புகழ்ந்தால் அவனுக்குப் புரியாது. பந்து வருகிறது, குறுக்கே விழ வேண்டும், அவ்வளவுதானே என்பான்.

வாய் விஷயத்திலும் அந்தப் பெயர்தான் பொருத்தம். ஒரு சண்டை வந்து அவன் வாயை மூடிக்கொண்டால் மூடினதுதான். தப்பு அவன் மேல் என்றால் இன்னும் மோசம். எதிராளியின் பூட்ஸுக்கு நேராகத் தலையைக் கொடுக்கிறவனுக்கு, 'தெரியாம சொல்லிட்டேன்' என்கிற ரெண்டே வார்த்தை தொண்டைக்கு மேல் ஏறாது. என்ன மனுஷனோ!

இந்த லட்சணத்தில்தான் அவன் தன் தங்கை புருஷனோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அந்தப் புருஷன் வேறு யாருமில்லை. அவனுக்குப் பின்னால் நிற்கிற கோல்கீப்பரேதான்.

தங்கச்சி அதே கிளப்பில் பிசியோதெரபிஸ்ட். ஆட்டத்தின் நடுவே யாராவது சுருண்டு விழுந்தால் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஓடி வருகிறவள் அவள்தான். வீரர்கள் எல்லாருக்கும் அவள் டாக்டரம்மா. 'நான் டாக்டர் இல்லப்பா' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய்விட்டாள். அவளைக் கட்டிக்கொண்டவர் வேறொரு நகரத்தில் வேறொரு கிளப்புக்கு கோல்கீப்பராக இருந்தார். கல்யாணமான புதிதில் பஸ்ஸும் ரயிலுமாக அலைந்து அலைந்து இரண்டு பேரும் இளைத்துப் போனார்கள். ஒருநாள் தங்கச்சி, "பேசாம நானே அங்க போயிடலாம்னு பாக்குறேண்ணே" என்று சொல்லிவைத்தாள். பூட்டுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் கோச் அறையில் போய் நின்றான். அந்தக் கோல்கீப்பரை நாம் எடுப்போம் என்றான். வேண்டாம், நம்மிடம் ஏற்கெனவே நல்ல கீப்பர் இருக்கிறார் என்றார் கோச். அடுத்த நாளும் போய் நின்றான். அதற்கு அடுத்த நாளும். எதிரியை எப்படி நகரவிடாமல் மறிப்பானோ அப்படியே கோச்சை மறித்தான். "உன் தொல்லை தாங்கலடா சாமி" என்று கடைசியில் கோச் ஒத்துக்கொண்டார். இந்தக் கதை தங்கச்சிக்கும் தெரியாது, அவள் புருஷனுக்கும் தெரியாது. சொல்லக் கூடாது என்று கோச்சிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

அவர் வந்த முதல் நாள், உடை மாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் "வாங்க மாப்பிள்ளை" என்று பூட்டு கூப்பிட்டுத் தொலைத்தான். அவ்வளவுதான். துணி துவைக்கிறவர் முதல் கிளப் தலைவர் வரை எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். இத்தனை பேருக்கு மாப்பிள்ளையான மனிதரை நாமும் 'அவர்' என்றே சொல்லிவைப்போம்.

வம்பு எங்கே ஆரம்பித்தது என்றால், பழைய கீப்பர் விரலை உடைத்துக்கொண்டதில். மாப்பிள்ளை களத்தில் இறங்கினார். ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிராளி ஒருவன் உதைத்த பந்து, உதையா தடவலா என்று தெரியாத வேகத்தில், கோலை நோக்கி உருண்டு வந்தது. பூட்டு பக்கத்தில் இருந்தான். பின்னாலிருந்து மாப்பிள்ளை தொண்டை கிழியக் கத்தினார்: "மச்சான், விடு!"

பூட்டின் அகராதியில் 'விடு' என்றால் விட்டுவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தொடாதே. ஆகவே அவன் பின்னால் வந்த எதிரியை முதுகால் மறித்துக்கொண்டு, வெகு மரியாதையாகப் பந்துக்கு வழிவிட்டான். மாப்பிள்ளை வந்த கிளப்பிலோ 'விடு' என்றால் 'ஓங்கி ஒரு உதை விடு'. உதை விழும், பந்து பறக்கும் என்று அவர் ஒதுங்கி நின்றார். பந்து இரண்டு பேருக்கும் நடுவே, ஒருத்தருக்கும் தொந்தரவு கொடுக்காமல், உருண்டு உருண்டு கோலுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆட்டமும் போயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விவாதம்.

"விடுன்னு சொன்னீங்க, விட்டேன்."

"நான் உதையை விடச் சொன்னேன் மச்சான்."

"உதையை விடுன்னா உதைக்கிறத விடுன்னுதான் அர்த்தம்!"

இதற்குள் ரேடியோ தலையை நுழைத்தான். ரேடியோ வலது பக்க டிஃபெண்டர். வாய் மூடாதவன், அதனால் அந்தப் பெயர். "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். சிகரெட்ட விடுன்னா நிறுத்தணும். மூச்ச விடுன்னா நிறுத்தக் கூடாது. ரெண்டும் சரிதான்."

பஸ் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் பூட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. தோற்றுவிட்டு வருகிறோம், கோல் விழுந்திருக்கிறது, இந்த மனுஷன் சிரிக்கிறாரே! வாயில் வந்ததைக் கொட்டிவிட்டான்.

"சிரிக்கிறியா? உன்னை யாரு இங்க கூப்பிட்டா? என் தங்கச்சி புருஷன்னுதான உன்னை டீம்ல சேத்தாங்க!"

'உங்களை' கூட இல்லை, 'உன்னை'. மாப்பிள்ளை எழுந்து தன் பையை எடுத்துக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கைக்குப் போய்விட்டார். சொன்ன மறுநொடியே பூட்டுக்குத் தன் நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. கூப்பிட்டதே நான்தானே, படுபாவி நான்தானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் எழுந்து முன்னால் போனானா? ஜன்னல் கண்ணாடியில் தன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! பிசியோ அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் பூட்டு தொடைப்பிடிப்போடு குப்புறப் படுத்திருப்பான். மற்றதில் மாப்பிள்ளை தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பார். நடுவில் தங்கச்சி, கையெல்லாம் தைலம்.

"கார்னர் வந்தா ரெண்டாவது போஸ்ட்ல ஆள் வேணும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்பார் மாப்பிள்ளை, கூரையைப் பார்த்து.

"ஆள் இருக்குன்னு சொல்லு. கண்ணத் தொறந்து பாத்தா தெரியும்னு சொல்லு" என்பான் பூட்டு, தலையணைக்குள்.

"நான் என்ன போஸ்ட்மேனா?" என்று தங்கச்சி இரண்டு பேரையும் ஆளுக்கொரு அழுத்து அழுத்துவாள். இரண்டு பக்கமும் 'ஆ' என்று ஒரே குரலாக வரும். அதில் மட்டும் ஒற்றுமை.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. பூட்டு குடியிருந்தது அவர்களுக்கு நேர் கீழ்த் தளத்தில். மேலே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டால், மாப்பிள்ளை சாப்பிட உட்காருகிறார் என்று இவனுக்குத் தெரியும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டதும் தட்டோடு மேலே ஏறிவிடுவான். இப்போது தனியாக உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். "மேல போய்த் தொலைங்களேன்" என்று பெண்டாட்டி சொல்லிப் பார்த்தாள். "கால் வலிக்குது" என்றான். ஒரு மாடி ஏற முடியாத கால், மறுநாள் பயிற்சியில் மான் மாதிரி ஓடியது.

இப்படிப் பேசாமல் இருந்தால் கோலை யார் காப்பது? மைதானத்தில் வாயில்லாமல் டிஃபென்ஸ் கிடையாது. முன்னால் நிற்கிறவனுக்குப் பின்னால் கண் இல்லை. பின்னால் நிற்கிறவர்தான் அவனுக்குக் கண். கோச் தலையில் அடித்துக்கொண்டு, டிஃபென்ஸ் ஆட்களை எல்லாம் உடை மாற்றும் அறையில் உட்கார வைத்தார். "இனிமே 'விடு' கிடையாது. வேற வார்த்தை கண்டுபிடிங்க. முடிவு பண்ணாம ஒருத்தனும் வெளிய போகக் கூடாது" என்று கதவைச் சாத்தினார்.

'எடு' என்றான் ஒருவன். யார் எடுப்பது, நீயா நானா என்று அதுவும் விழுந்தது. 'போ' என்றான் இன்னொருவன். பந்து போகட்டுமா, ஆள் போகட்டுமா? 'அடி' என்றால் எதிர் அணி ஸ்ட்ரைக்கரையும் அவன் ஆட்கள் அதையே சொல்லித்தான் உசுப்புகிறார்கள், ஊக்கம் இரண்டு பக்கமும் போகும். 'என்னுது' என்று எதிராளியே கத்தினால்? ரேடியோ ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு அர்த்தம் எடுத்துக் கொடுத்தான். தமிழில் இவ்வளவு கோளாறு இருக்கிறது என்று அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

"ஃபுட்பால்ல யாருமே சொல்லாத வார்த்தையா இருக்கட்டும்னு அவர்கிட்ட சொல்லு" என்றான் பூட்டு, ரேடியோவிடம். மாப்பிள்ளை நான்கு அடி தள்ளித்தான் இருந்தார்.

"அப்படின்னா 'தூங்கு'ன்னு வச்சுக்கலாம்னு அவர்கிட்ட சொல்லு" என்றார் மாப்பிள்ளை, அதே ரேடியோவிடம்.

"தொடாம விடணும்னா 'தூங்கு'. உதைச்சுத் தள்ளணும்னா 'எழுந்திரு'. சரியான்னு கேளு" என்றான் பூட்டு.

"சரின்னு சொல்லு."

"ரெண்டு பேரும் சரின்னு சொல்லியாச்சு. எனக்குத்தான் தல சுத்துது" என்றான் ரேடியோ.

சிரித்துக்கொண்டே எல்லாரும் கலைந்தார்கள். அன்று முதல் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த மொத்த உறவும் அந்த இரண்டு வார்த்தைதான். ஆனால் அது வேலை செய்தது. அடுத்தடுத்த ஆட்டங்களில் கோலே விழவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, "அந்த ஆளு என்ன, நின்னுக்கிட்டே தூங்குற வியாதிக்காரரா? பாவம், அடிக்கடி எழுப்ப வேண்டியிருக்கு" என்று பக்கத்துச் சீட்டில் வருத்தப்பட்டாளாம்.

கடைசி ஆட்டம் வந்தது. தோற்றால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள், டிரா செய்தால் போதும், மேலேயே இருந்துகொள்ளலாம். எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பயிற்சி செய்தார்கள். பூட்டும் செய்தான். ஆனால் அவன் கவலை வேறு.

அந்த வாரம் மாடிப்படியில் ஏறிய தங்கச்சியின் கையில் மடித்த அட்டைப்பெட்டிகள் இருந்தன. "என்னது இது?" என்றான்.

"அவரோட பழைய கிளப்புல அவரையும் கூப்பிடுறாங்க, என்னையும் கூப்பிடுறாங்க. கடைசி ஆட்டம் முடிஞ்ச மறுநாள் பதில் சொல்லணும்."

"நீ என்ன சொல்லப் போற?"

"அவருக்கு இங்க மரியாதை இல்லண்ணே. இருக்குன்னு அவரை நம்ப வைக்க என்னால முடியல. அது என் கையில இல்ல."

யார் கையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவள் மாடி ஏறிப் போகும்வரை படியிலேயே நின்றான். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவனுக்கென்று இருந்த ஒரே உடன்பிறப்பு அவள். அவள் போய்விட்டால் மேலே நாற்காலி இழுபடுகிற சத்தமே இருக்காது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. கதவைத் திறந்த பெண்டாட்டியிடம், மூக்கு அடைத்திருக்கிறது என்றான். அந்த மூக்குதான் எல்லாவற்றுக்கும் வசதியாகப் போயிற்று.

ஆட்டத்தன்று வானம் மூட்டமாக இருந்தது. எதிர் அணியின் ஸ்ட்ரைக்கர் நெட்டையன், எல்லாரும் ஒட்டகம் என்பார்கள். அவன் கழுத்தை ஆட்டினால் போதும், பந்து வலைக்குள் போகும். ஜெயித்தால்தான் அவர்களுக்குக் கோப்பை. எனவே முதல் நிமிடத்திலிருந்தே வந்து மொய்த்தார்கள்.

பூட்டு அன்று ஆடினதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். ஒரு பந்தை வயிற்றில் வாங்கினான், அடுத்ததைக் காதில். "தூங்கு!" என்று பின்னாலிருந்து வந்தால் கல்லாக நின்றான். "எழுந்திரு!" என்றால் பந்தைப் பார்வையாளர்கள் மடிக்கே அனுப்பினான். ஒருமுறை மாப்பிள்ளை "தூங்கு!" என்று கத்தியபோது ஒட்டகமே ஒரு நொடி திகைத்து, "யாரைச் சொல்றாரு?" என்று பூட்டிடம் கேட்டான். "உன்னைத்தான், போய்ப் படு" என்றான் பூட்டு.

மழை தூற ஆரம்பித்தது. ஸ்கோர் பலகையில் இரண்டு முட்டைகளும் அப்படியே இருந்தன. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது ஒட்டகம் தலையால் முட்டப் போனான். பந்துக்கும் அவனுக்கும் நடுவே பூட்டு தன் தலையைச் செருகினான். பந்து வெளியே போயிற்று. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

ரெஃப்ரி விசில் ஊதி, ரத்தம் நிற்கும்வரை வெளியே போகச் சொன்னார். அதுதான் விதி. மாற்று ஆட்களை எல்லாம் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. அவன் திரும்பி வரும்வரை அணி ஒரு ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும்.

கோட்டுக்கு வெளியே அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். தங்கச்சி துடைத்தாள், மருந்தை அழுத்தினாள், தலையைச் சுற்றிக் கட்டுப் போட ஆரம்பித்தாள். அவன் கண்ணெல்லாம் மைதானத்தில். அங்கே எதிராளிகளுக்கு ஒரு கார்னர் கிடைத்திருந்தது. அவன் நிற்க வேண்டிய இடம் காலி. ஒட்டகம் அந்தக் காலி இடத்தில் போய் நின்றுகொண்டு கழுத்தை நீட்டித் தயாரானான்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"ரத்தம் நின்னுடுச்சுல்ல?"

"நின்னுடுச்சு."

"அப்ப விடு!"

"எந்த விடு?" என்றாள் தங்கச்சி. கட்டுத்துணியின் நுனி அவள் கையில் இறுக்கமாக இருந்தது.

"விளையாடாத! அங்க பாரு, ஒட்டகத்தைப் புடிக்க ஆள் இல்ல!"

"நாளைக்குப் பதில் சொல்லணும்ணே."

"அத இப்பவா பேசுற?"

"வேற எப்ப பேச? ரூம்ல பேசினா தலகாணிக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிற. வீட்டுல பேசினா கதவச் சாத்துற. இப்பதான் கையில சிக்கியிருக்க." அவள் துணியை ஒரு இழு இழுத்தாள். "கோச் சொல்லிட்டார். இவரை எடுக்கச் சொல்லி அவர் வாசல்லயே தவங்கிடந்தது நீதானாமே. அப்புறம் பஸ்ல ஏன்ணே அப்படிச் சொன்ன?"

சத்தியத்தை மீறிய கோச் பத்தடி தள்ளி, "என்ன பண்றீங்க அங்க? அவனை அனுப்புங்க!" என்று குதித்துக்கொண்டிருந்தார். கார்னர் அடிக்கிறவன் பந்தைத் துடைத்து மூலையில் வைத்தான். பூட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலை வேறு அவள் கையில்.

"நாங்க போகணுமா, இருக்கணுமா? ஒரு வார்த்த சொல்லு. விட்டுடுறேன்."

எத்தனை பூட்ஸைப் பார்த்தும் பயப்படாதவன் அப்போது பயந்தான். ஒட்டகத்தைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். மழைத்தண்ணீர் அவள் கன்னத்தில் ஓடியது, மழைதானா என்று சொல்வதற்கில்லை.

"போகாத" என்றான். அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பிடியை விடவில்லை. "என்கிட்ட சொன்னா போதாது. புண்பட்டது அவரு. அவர்கிட்ட சொல்லு."

"ஆட்டம் முடிஞ்சதும் சொல்றேன்மா, சத்தியமா."

"ஆட்டம் முடிஞ்சா ஷூவக் கழட்டுவ, குளிப்ப, வாயப் பூட்டிக்குவ. உன்ன எனக்குத் தெரியாதா? இப்ப சொல்லு."

மூலையில் இருந்தவன் கையைத் தூக்கினான். பூட்டுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். அத்தனை நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்தது. மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படி கத்தினான்.

"மாப்பிள்ளை! போகாதீங்க! போகாதீங்க மாப்பிள்ளை!"

பந்து கிளம்பிவிட்டது. அதைக் காற்றிலேயே பிடித்துவிடலாம் என்று கோலை விட்டு இரண்டடி முன்னே பாய்ந்திருந்த மாப்பிள்ளை, அந்தக் குரல் கேட்டதும் சட்டென்று நின்றார். போகாதே என்கிறார் மச்சான். வெளியே போகாதே. யோசிக்க நேரமில்லை, பின்வாங்கிக் கோட்டுக்கே வந்து நின்றார். பந்து, வருவது போல வந்து, காற்றில் வளைந்து யார் கைக்கும் எட்டாமல் அந்தப் பக்கம் போய், ஒட்டகத்தின் நெற்றியில் பட்டு, கோலுக்கு நடுவே குண்டு மாதிரி இறங்கியது. அங்கே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பந்து நெஞ்சில் அறைந்தது. அவர் இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு சேற்றில் விழுந்தார். எழுந்து அவர் அதை எட்ட உதைத்ததும் ரெஃப்ரி கடைசி விசிலை ஊதினார்.

அதற்கப்புறம் ஒரே அமளி. தலையில் பாதி சுற்றிய கட்டுத்துணி வால் போல் தொங்க, பூட்டு கோட்டருகிலேயே நின்றான். கோச் ஓடிவந்து அவனைத் தூக்க முயன்று முடியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார். "என்ன மூளடா உனக்கு! பந்து வளையும்னு வெளிய நின்னே கண்டுபுடிச்சிட்டியே!" ரேடியோ தன் பங்குக்கு, காற்றடிக்கும் திசையைப் பார்த்துத்தான் அண்ணன் சொன்னார் என்று வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். கையுறையைக் கழற்றினார். அந்தப் பஸ் பயணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நடுவில் ஆள் வைக்காமல், நேராக இவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மச்சான், நான் கால வெளிய வச்சிட்டேன். நீங்க மட்டும் போகாதீங்கன்னு கத்தலன்னா இன்னைக்கு நாம காலி."

அடடா, எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது! பேச்சு வந்துவிட்டது. பாராட்டு வந்துவிட்டது. 'ஆமா மாப்பிள்ளை, காத்தப் பாத்தேன், தெரிஞ்சுது' என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், மானம் கப்பலேறாமல் தப்பிக்கலாம். பூட்டு தலையாட்டக்கூடப் போனான். மாப்பிள்ளைக்குப் பின்னால் தங்கச்சி பையோடு வந்து நின்றாள். கண்ணால் ஜாடைகூடக் காட்டவில்லை. இப்போது அவள் கையில் துணியின் நுனியும் இல்லை, அவனைப் பிடித்து வைக்க யாரும் இல்லை.

"நான் அந்தப் போறதச் சொல்லல மாப்பிள்ளை" என்றான்.

மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. "எந்தப் போறது?"

"பந்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. வளையும்னு எவன் கண்டான்? நான் உங்களப் போகாதீங்கன்னேன். ஊர விட்டு." ஒருமுறை மூச்சு வாங்கினான். "உங்கள இங்க எடுக்கச் சொல்லிக் கெஞ்சினதே நான்தான். அதையும் மறச்சேன், பஸ்ல உங்க மனசையும் நோகடிச்சேன். தப்பு என்னுது."

ரேடியோ வாயை மூடினான். அவன் வாழ்க்கையில் அது ஒரு பெரிய சம்பவம்.

மாப்பிள்ளை கையிலிருந்த கையுறையைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க மச்சான்? கூட்டம் கத்துது, காதுல விழல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கூட்டம் பாதிக்கு மேல் கலைந்து, மழைக்கு ஒதுங்கப் போயிருந்தது.

"போகாதீங்கன்னு சொன்னேன்" என்றான் பூட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி.

"சரி, போகல" என்றார் மாப்பிள்ளை.

'போகாதீங்க மாப்பிள்ளை' என்று பூட்டு இன்னொரு முறையும் சொன்னான், யாரும் கேட்காமலே.